"3 அழகிகள் மீட்பு" – மீட்ட பிறகு அவர்கள் எங்கே போகிறார்கள்?

#1 பொருநைவாசி

நேற்று மாலைப் பதிப்பில் ஒரு பெட்டிச் செய்தி. "லாட்ஜில் விபசாரம்: 3 அழகிகள் மீட்பு, புரோக்கர் கைது." உள்ளே ஆறே வரி. ரகசியத் தகவல், மாறுவேடத்தில் போலீஸ், வேலை தேடி வந்த இளம்பெண்கள், காப்பகத்தில் ஒப்படைப்பு. அவ்வளவுதான்.

இந்தச் செய்தியை நானே நூறு தடவையாவது எழுதியிருப்பேன். ஒன்பது வருஷம் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் பக்கம் கட்டினேன். ராத்திரி பத்தரைக்கு விளம்பரம் ஒன்று கைவிட்டுப் போய்ப் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் அடைப்பதற்கு இது மாதிரி ஒன்று எப்போதும் கைவசம் இருக்கும். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், "அண்ணே, எதுக்கு அழகிகள்னு போடுறோம்?" என்று கேட்டான். "சிங்கிள் காலத்துல அடங்கும்டா" என்றேன், ஒரு பத்தி அகலத்துக்குள் என்று அர்த்தம். அந்த அழகிகளில் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. படம் வரும், முகத்தைத் துப்பட்டாவால் மூடியிருப்பார்கள்.

வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது. நேற்று அந்த ஆறு வரியை வாசகனாகப் படித்தபோதுதான் உறைத்தது, ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூட அடுத்து என்ன ஆனது என்று நான் போட்டதில்லை. காப்பகத்துக்குள் போனவர் எப்போது வெளியே வருகிறார், யாரோடு வருகிறார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சின்னமருது

ஒரு பக்கமாவே யோசிக்கிறீங்க சார். எங்க தெருவுல ஒரு வீடு இருந்துச்சு. ராத்திரி பூரா பைக் சத்தம். என் அக்கா மக டியூஷன் முடிச்சு வர்றா, ஒருத்தன் வண்டிய ஓரங்கட்டி "எவ்வளவு"ன்னு கேக்குறான். பிள்ளைக்குப் பதினாலு வயசு. ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்து, அந்த வீட்டைக் காலி பண்ண வைக்க எட்டு மாசம் ஆச்சு. உழைச்சுப் பிழைக்க ஆயிரம் வேலை கிடக்கு. சொகுசுக்குப் போறவங்களைப் பிடிச்சு உள்ள வைக்கிறதுல எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல.

#3 வழக்காடும்வாணி

மருது அண்ணன், உங்கள் அக்கா மகளிடம் விலை கேட்டது அந்த வீட்டில் இருந்த பெண் இல்லையே, பைக்கில் வந்தவன். உங்கள் பதிவில் அவன் மேல் ஒரு வார்த்தை இல்லை.

பொருநை சார் கேள்விக்கு வருகிறேன். நான் இலவச சட்ட உதவிப் பட்டியலில் இருக்கும் வக்கீல், மேற்கு மாவட்டம் ஒன்றில். ஐ.டி.பி. கேஸ், அதாவது விபசாரத் தடுப்புச் சட்ட வழக்கு, என்று வந்தால் முக்கால்வாசி எங்கள் தலையில்தான் விழும், ஃபீஸ் கொடுக்க ஆள் இருக்காது.

முதலில் ஒன்று. 1956-இல் வந்த இந்தச் சட்டத்தை 1978-இலும் 1986-இலும் திருத்தினார்கள். இதில் "விபசாரம் செய்தால் இன்ன தண்டனை" என்று நேராகச் சொல்லும் பிரிவை எங்கே தேடினாலும் கிடைக்காது. ஆனால் அதைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள் பாருங்கள், ஒரு பெண் எந்தப் பக்கம் கால் வைத்தாலும் முள். தெருவில் நின்று ஆள் கூப்பிட்டால் 8-ஆம் பிரிவு, ஆறு மாதம். கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் என்றால் 7-ஆம் பிரிவு, மூன்று மாதம். நம் ஊரில் இந்த மூன்றிலிருந்தும் 200 மீட்டர் தள்ளி ஓர் இடத்தை யாராவது காட்டுங்கள் பார்ப்போம்!

சரி, தெருவே வேண்டாம், இரண்டு பேர் சேர்ந்து துணைக்குத் துணையாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கலாம் என்றால், அதற்குப் பெயர் விபசார விடுதி. அடுத்தவர் லாபத்துக்காக நடந்தாலும் விடுதிதான், இரண்டு பெண்கள் தங்கள் இருவரின் லாபத்துக்காக நடத்தினாலும் விடுதிதான் என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. 3-ஆம் பிரிவு, குறைந்தது ஒரு வருஷம். 4-ஆம் பிரிவு இதைவிட மோசம். அவள் சம்பாத்தியத்தில் வாழும் 18 வயது தாண்டிய யாரும் குற்றவாளி. புரோக்கரைப் பிடிக்க எழுதியது அது. ஆனால் படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவும் காலேஜுக்குப் போகும் மகனும் அந்த வரிக்குள் அடங்கிப் போகிறார்கள்.

இப்போது காப்பகம். ரெய்டில் பிடிபட்ட பெண்ணை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 17-ஆம் பிரிவின்படி அவர் வயது, குடும்பம், எப்படி வந்தார் என்று விசாரிப்பார். விசாரணை முடியும் வரை இடைக்காலக் காவல், அதற்கு மூன்று வாரம் எல்லை. பிறகு "இவருக்குப் பாதுகாப்பு தேவை" என்று தோன்றினால் ஒரு வருஷத்திலிருந்து மூன்று வருஷம் வரை காப்பகத்தில் வைக்க உத்தரவு போடலாம். இது தண்டனை இல்லை, பாதுகாப்பு. 8-ஆம் பிரிவில் முதல் தடவை குற்றவாளி என்று தீர்ப்பாகியிருந்தால் சிறை அதிகபட்சம் ஆறு மாதம். குற்றம் செய்யாதவள் என்றால் மூன்று வருஷம். இந்தக் கணக்கை எனக்கு இதுவரை யாரும் விளக்கிச் சொன்னதில்லை.

போன வருஷம் சாயங்காலம் நாலரை மணிக்கு மூன்று பேரைக் கூட்டி வந்தார்கள். கோர்ட் வராந்தாவில் தூணோரமாக உட்கார வைத்திருந்தார்கள். அதில் ஒரு பெண், தர்மபுரிப் பக்கம், கூட வந்த பெண் காவலரிடம் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, எங்களைப் பிடிச்சிருக்கீங்களா, காப்பாத்தியிருக்கீங்களா?" அந்தக் காவலர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதை உள்ள மேடம் சொல்லுவாங்க" என்றார்.

#4 ஏட்டையா_ஓய்வு

வாணிம்மா எழுதினது சரிதான். நான் 31 வருஷம் சர்வீஸ். எந்த ஊர்னு சொல்ல மாட்டேன்.

ரெய்டு எப்படிப் போவோம்னு சொல்றேன். தகவல் வரும். பாதி நேரம் போட்டிக்காரன் கொடுக்கிற தகவல். ஒருத்தனை கஸ்டமர் மாதிரி அனுப்புவோம், நோட்டு நம்பர் எழுதி வெச்சுக்குவோம். உள்ள போனவன் சிக்னல் கொடுத்ததும் கதவைத் தட்டணும். சோதனை போடும்போது அந்தப் பகுதியில மரியாதைப்பட்டவங்க ரெண்டு பேர், அதுல ஒரு பொம்பளை, சாட்சிக்கு இருக்கணும்னு சட்டம். ராத்திரி ஒன்பது மணிக்கு எந்த மரியாதைப்பட்ட பொம்பளை லாட்ஜுக்கு வந்து மகஜர்ல கையெழுத்துப் போடுவாங்க? ஒரே டீக்கடைக்காரரும் அவர் சம்சாரமும் எங்களுக்கு எத்தனை கேசுல சாட்சின்னு எண்ணிப் பார்த்தா வெக்கமா இருக்கும். கோர்ட்ல எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் மொதல்ல பிடிப்பார். கேஸ் உதிர்ந்திரும்.

புரோக்கர் பத்து பதினைஞ்சு நாள்ல ஜாமீன்ல வெளிய. குண்டர் சட்டம்னு நாம சொல்ற 1982 சட்டத்துல சாராயம், மணல், திருட்டு வீடியோ இதுகளோட விபசாரத் தொழில் நடத்துறவனும் உண்டு. ஆனா அதைப் போடுறதுக்கு ஃபைல் கலெக்டர், கமிஷனர் வரைக்கும் போகணும். பெரிய கை மாட்டினாத்தான் யாராவது மெனக்கெடுவாங்க. லாட்ஜ் ஓனர் பேரு எஃப்.ஐ.ஆர்-ல வர்றது அபூர்வம். அந்தப் பொண்ணுங்க மட்டும் காப்பகத்துல.

ஆனா இதைப் படிச்சுட்டு ரெய்டே வேண்டாம்னு யாரும் முடிவு கட்டாதீங்க. ஒரு தடவை ஒரு பிள்ளை. வயசு கேட்டா "பத்தொம்போது"ன்னு வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொல்லுச்சு. பேரு கேட்டா ஒரு நிமிஷம் யோசிக்குது, வயசு மட்டும் டக்குனு வருது. ஆதார்லயும் பத்தொம்போதுதான். எங்க இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குச் சந்தேகம், எலும்பு பரிசோதனைக்கு அனுப்பினாங்க. பதினைஞ்சுல இருந்து பதினாறுக்குள்ளன்னு வந்துச்சு. அதுக்கப்புறம்தான் வாயைத் திறந்துச்சு. துணிக்கடை வேலைன்னு சொல்லிக் கூட்டி வந்திருக்காங்க. அம்மா கையில இருபதாயிரம் அட்வான்ஸ். அந்தக் கடன் கழியிற வரைக்கும் கையில காசு கிடையாது, சோறு, பவுடர், துணி எல்லாம் கணக்குல ஏறிக்கிட்டே இருக்கும். எவ்வளவு நாள் வேலை பார்த்தாலும் கடன் குறையாது. கூட்டி வந்தவளை "அக்கா"ன்னுதான் கூப்பிட்டுச்சு. அந்த அக்கா பதினைஞ்சு வருஷத்துக்கு முன்னால அதே வழியில வந்தவ.

அந்தக் கதவை நாங்க உடைக்காம இருந்திருந்தா? அதையும் நினைச்சுப் பாருங்க.

#5 கோமளா_வடசென்னை

ஏட்டையா, உங்க நேர்மைக்கு ஒரு சலாம். 18 வயசுக்குக் கீழன்னா பேச்சே இல்ல, அது போக்சோ. அந்தப் பிள்ளை சம்மதிச்சாலும் சம்மதம் இல்ல. கடத்திக்கிட்டு வர்றதும் தனிக் குற்றம். முன்னால ஐ.பி.சி. 370, இப்ப 2024 ஜூலையில இருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுல 143. அதுல பெரிய மனுஷி சம்மதிச்சாளான்னுகூடப் பார்க்க வேண்டாம், ஏமாத்தியோ மிரட்டியோ கொண்டு வந்திருந்தாப் போதும். ஆனா அந்தப் பிரிவைப் போட்டு விசாரிக்கணும்னா கூட்டி வந்தவன், ரயில் டிக்கெட், அட்வான்ஸ் கொடுத்தவன்னு அடுத்த மாநிலம் வரைக்கும் போகணும். ஐ.டி.பி. போட்டா அந்த லாட்ஜ் ரூமோட முடிஞ்சுது.

நான் பன்னிரண்டு வருஷம் எய்ட்ஸ் தடுப்பு களப்பணி. கையில ஆணுறை கொடுத்து, "கஸ்டமர் வேணாம்னு சொன்னாலும் விடாதே"ன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லுவோம். ரெய்டுல அதே ஆணுறையை எடுத்து மேசை மேல வரிசையா அடுக்கி ஆதாரம்னு எழுதுவாங்க. அடுத்த வாரம் போனா எங்க பொம்பளைங்க, "வேணாம்க்கா, பையில இருந்தா கேஸு"ன்னு திருப்பிக் கொடுப்பாங்க. ஒரு சர்க்கார் கொடுத்ததை இன்னொரு சர்க்கார் ஆதாரமா எடுத்துக்கிச்சு.

#6 ஆய்வகம்_சேது

கோமளா அம்மா சொன்னதும் எனக்கு 1986 ஞாபகம் வந்தது. நான் அப்போது வேறு ஒரு ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்த புதிது. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது, ஆனால் அதன் இன்னொரு பாதியை யாரும் சொல்வதில்லை.

இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருப்பது முதன்முதலில் தெரிந்தது சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன்னிடம் ஆராய்ச்சிக்கு வந்த மாணவி நிர்மலா செல்லப்பனிடம் இந்த வேலையைக் கொடுத்தார். ரத்தம் எடுக்கப் பாலியல் தொழில் செய்பவர்களைத் தேட வேண்டும். பம்பாய், கல்கத்தா மாதிரி மெட்ராஸில் அதற்கென்று ஒரு தெரு கிடையாது. விசாரித்ததில் தெரிந்த வழி, போலீஸ் பிடித்துக் காப்பகத்தில் அடைத்த பெண்கள்! அங்கே போனார். மூன்று மாதத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள். கையுறை இல்லை. எதற்கு ரத்தம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவும் இல்லை. வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, பிறகு வேலூர் சி.எம்.சி-க்குக் கொண்டு போய்ச் சோதித்தார்கள். ஆறு மாதிரி மஞ்சளாக மாறியது, அதாவது கிருமி இருக்கிறது. சட்டசபையில் சுகாதார அமைச்சர் அறிவித்தார்.

அந்த மாணவியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் செய்தது துணிச்சலான காரியம், எத்தனையோ உயிர் அதனால் பிழைத்தது. நான் கேட்பது வேறு. அந்தப் பெண்களைத் தேட எங்கே போனார்? பூட்டிய இடத்துக்கு. அவர்கள் எழுந்து போக முடியாது, மாட்டேன் என்று சொல்லவும் முடியாது.

நாலு வருஷம் கழித்து, 1990-இல், பம்பாய் விடுதிகளிலிருந்து தமிழ்நாட்டுப் பெண்கள் நூற்றுக்கணக்கானோரை "மீட்டு" தனி ரயிலில் கொண்டு வந்தார்கள். அதற்கு "முக்தி எக்ஸ்பிரஸ்" என்று பெயர். முக்தி! இறங்கியதும் ரத்தப் பரிசோதனை, கிருமி இருப்பவர்களுக்குக் காப்பகம். தண்டனைக் காலம் முடிந்த பிறகும் எச்.ஐ.வி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சில பெண்களை வெளியே விடாமல் வைத்திருந்ததை எதிர்த்துப் பத்திரிகையாளர் ஷ்யாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அதன் பிறகுதான் விடுவித்தார்கள். பொருநை சார், உங்கள் தொழிலைச் சேர்ந்தவர்தான் அவரும்.

#7 பொருநைவாசி

சேது சார், அந்தக் கடைசி வரி கொஞ்சம் வலித்தது. சரியான இடத்தில்தான் வலித்தது.

#8 செந்தூரான்77

இவ்வளவு வளவளப்பு எதற்கு? லைசன்ஸ் கொடுத்து, வரி வாங்கி, மாதா மாதம் மெடிக்கல் செக்கப் வையுங்கள். ஜெர்மனியில் அப்படித்தான். எல்லாப் பிரச்சனையும் தீர்ந்தது.

#9 ஸ்ப்ரீநதிக்கரை

ஜெர்மனியிலிருந்துதான் எழுதுகிறேன், பதினேழு வருஷமாக பெர்லின். தீரவில்லை, செந்தூரான்.

2002-இல் இங்கே சட்டம் கொண்டு வந்தார்கள். இந்தத் தொழிலில் பேசிய காசு வராவிட்டால் வழக்குப் போடலாம், காப்பீட்டில் சேரலாம் என்று. நல்ல நோக்கம்தான். ஆனால் விடுதி நடத்தும் முதலாளி மேல் அவ்வளவாகக் கட்டுப்பாடு இல்லாததால் பெரிய பெரிய விடுதிகள் முளைத்தன, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏழைப் பெண்கள் வந்து குவிந்தார்கள். 2017-இல் இன்னொரு சட்டம். தொழில் செய்பவர் பதிவு செய்ய வேண்டும், சுகாதார ஆலோசனைக்குப் போக வேண்டும், விடுதிக்கு அனுமதி வேண்டும், ஆணுறை கட்டாயம். பதிவு செய்தவரைவிடச் செய்யாதவர் அதிகம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். எந்தப் பெண் தன் பேரில் அப்படி ஓர் அட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வாள்? ஊரில் யாராவது பார்த்துவிட்டால்?

ஸ்வீடன் 1999-இல் வேறு வழி பிடித்தது. விற்பவள் மேல் குற்றம் இல்லை, வாங்குபவன் மேல்தான். நார்வே, பிரான்ஸ், அயர்லாந்து எல்லாம் பின்னால் போயின. நியூசிலாந்து 2003-இல் மூன்றாவது வழி. தனி லைசன்ஸ் கூண்டில் போடாமல் மற்ற தொழிலாளர் சட்டங்களுக்குள் கொண்டு வந்தது. நாலு பேர் வரை சேர்ந்து சின்ன இடத்தில் முதலாளி இல்லாமல் நடத்தினால் அனுமதிகூட வேண்டாம். வாணி அவர்கள் சொன்ன 3-ஆம் பிரிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அங்கேயும் தற்காலிக விசாவில் வந்தவர்களுக்கு இந்தத் தொழில் செய்ய அனுமதி இல்லை. கடத்தலைத் தடுக்கத்தான் அப்படி என்கிறார்கள். அடி வாங்கிய வெளிநாட்டுப் பெண் போலீஸுக்குப் போனால் நாடு கடத்தப்படுவோமோ என்று பயப்படுகிறாள் என்பது அதன் மறுபக்கம்.

என்னைக் கேட்டால் நியூசிலாந்து வழி. ஆனால் அங்கே போலீஸைக் கண்டு உள்நாட்டுப் பெண்ணாவது பயப்படாமல் பேச முடிகிறது. அதை இறக்குமதி செய்ய முடியுமா என்று தெரியவில்லை.

#10 மூங்கில்காடு

எல்லாம் வெள்ளைக்காரன் வந்து தேவதாசி முறையைக் கெடுத்ததால் வந்தது. அதற்கு முன் நம் கோயில்களில்...

#11 நெறியாளர்

மூங்கில்காடு, தேவதாசி ஒழிப்பு 1947 பற்றி இதே தளத்தில் மூன்று இழை இருக்கிறது, மூன்றிலும் அடிதடி. ஒழிக்கச் சொன்ன முத்துலட்சுமி ரெட்டி, மூவலூர் ராமாமிர்தம், அதை எதிர்த்த பெங்களூர் நாகரத்தினம்மாள் எல்லோரையும் அங்கே ஒரு வழி பண்ணியாகிவிட்டது. இங்கே வேண்டாம். தலைப்பு: மீட்ட பிறகு என்ன.

#12 பெயர்வேண்டாம்

மூன்று நாளாக இந்த இழையைப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. இதற்காகவே புதுப் பெயரில் வந்திருக்கிறேன்.

என் அம்மாவை 2009-இல் மீட்டார்கள்.

நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கிடையாது. அம்மா ராத்திரி வேலைக்குப் போவார், ஆஸ்பத்திரியில் ஆயா என்று எனக்குச் சொல்லியிருந்தார். எனக்கு எட்டாவதிலேயே தெரியும். தெரியும் என்று அவருக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை, ஆஸ்பத்திரி என்றே சொல்லிக்கொள்வோம். "இன்னைக்கு ஆஸ்பத்திரில கூட்டமாம்மா?" என்று கேட்பேன்.

ஒரு நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் இட்லிக்கடை அக்கா பேப்பரைக் கொண்டு வந்து காட்டினார். பொருநை சார் சொன்ன அதே மாதிரி ஆறு வரி. எண்ணிக்கையில் அம்மாவும் ஒருவர். "அழகிகள்" என்று போட்டிருந்தது. அம்மாவுக்கு அப்போது 41 வயது, முன்பல் ஒன்று இல்லை.

காப்பகத்துக்கு நான் போனேன். உள்ளே விடவில்லை, 18 ஆகவில்லை, பெரியவர்கள் யாராவது வர வேண்டும் என்றார்கள். விடுவிக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அம்மாவின் அப்பாவோ கணவரோ வந்து, இனி ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் கோர்ட்டில் சொல்லலாம் என்றார் அங்கிருந்தவர். தாத்தா செத்துப் பன்னிரண்டு வருஷம். 41 வயதுப் பொம்பளையை வீட்டுக்கு அனுப்ப அவள் அப்பா வர வேண்டும்! அந்த வீட்டில் எல்லாரையும் பார்த்துக்கொண்டதே அம்மாதான். அதை நான் சொன்னேன். "தம்பி, ரூல்ஸ்" என்றார். கெட்டவர் இல்லை, எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

கடைசியில் இட்லிக்கடை அக்காதான் வந்தார். பார்வையாளர் ரிஜிஸ்டரில் "உறவு" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் "தங்கை" என்று எழுதினார். ரேஷன் கார்டில் எப்படி வேறு முகவரி என்று கேட்டார்கள், கட்டிக் கொடுத்த இடம் என்றார். கூசாமல் பொய் சொன்னார். முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து எண்ணித்தான் உள்ளே கொடுத்தார்கள்.

பதினோரு மாதம். உள்ளே தையல் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு ஏற்கனவே தையல் தெரியும். தைத்து வந்த காசு போதாமல்தான் அந்த வேலைக்கே போனார்.

நான் பரீட்சை எழுதினேன். 312 மார்க். அம்மாவுக்குச் சொல்லப் போன அன்று பார்வையாளர் நாள் இல்லை.

வாணி மேடம், ஒரு கேள்வி. பிறகு நான் காலேஜ் போனது அம்மா காசில்தான். எனக்கு 18 தாண்டியிருந்தது. நீங்கள் சொன்ன 4-ஆம் பிரிவில் நானும் உண்டா?

#13 வழக்காடும்வாணி

தம்பி, இதற்கு உடனே பதில் எழுத முடியவில்லை. மன்னிக்கவும்.

எழுத்தை வைத்துப் பார்த்தால், உண்டு. இதை எதிர்த்துப் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவும் இந்தச் சட்டத்தை அலசியது. அந்தக் குழுவை அமைத்த வழக்கு வந்த வழியே வேறு. 1999-இல் கல்கத்தாவில் ஒரு பெண்ணை அடித்துக் கொன்றவனின் ஆயுள் தண்டனை மேல்முறையீடு. அதைத் தள்ளுபடி செய்த நீதிபதிகள், இந்தப் பெண்களும் மனிதர்கள்தானே, இவர்களுக்கு அரசு என்ன செய்கிறது என்று கேட்டு அதையே பொதுநல வழக்காக மாற்றினார்கள். புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கு. குற்றவாளியின் பெயர்தான் நிலைத்தது, பார்த்தீர்களா.

அதில் 2022 மே 19-ஆம் தேதி வந்த உத்தரவைத்தான் "பாலியல் தொழில் இனி சட்டபூர்வம்" என்று சில ஊடகங்கள் கொண்டாடின. அப்படி ஒன்றும் இல்லை. தானாக விரும்பிச் செய்யும் வயதுவந்தவரைக் கைது செய்யக் கூடாது என்பது போன்ற சில பரிந்துரைகளை மத்திய அரசு ஏற்கவில்லை, அவை நிலுவையில் நின்றன. ஏற்றவற்றை உடனே நடைமுறைப்படுத்தச் சொன்னது நீதிமன்றம். அதில் இந்த இழைக்கு வேண்டியவை இருக்கின்றன. காப்பகங்களில் தங்கள் விருப்பத்துக்கு மாறாக இருக்கும் வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்துக் குறித்த காலத்துக்குள் விடுவிக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆணுறையைக் குற்றத்துக்கு ஆதாரமாக எடுக்கக் கூடாது, கோமளா அக்காவுக்கு இது. ரெய்டின்போது பெயரோ படமோ அடையாளம் தெரியும்படி ஊடகத்தில் வரக் கூடாது, இது பொருநை சாருக்கு.

"அப்பாவைக் கூட்டி வா" என்பதற்கு 2020-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் பதில் சொன்னது. மலாடில் ரெய்டில் பிடிபட்ட மூன்று பெண்களை அம்மாக்களிடம்கூட ஒப்படைக்க முடியாது, ஒரு வருஷம் காப்பகம் என்று கீழ்க்கோர்ட் சொல்லியிருந்தது. வயதுவந்த பெண் எங்கே இருக்க வேண்டும் என்று அவள்தான் சொல்ல வேண்டும், விபசாரத்தைக் குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை என்று விடுவித்தார் நீதிபதி. 2009-இல் உங்கள் அம்மாவுக்காக இப்படி வாதாட ஒருவர் இருந்திருந்தால், என்று எழுதி அழித்தேன். அப்போதும் சட்டம் இதே சட்டம்தான்.

வாடிக்கையாளர் பற்றி இருவர் தனிமடலில் கேட்டார்கள். (ஏன் தனிமடலில் என்று நான் கேட்கவில்லை.) விடுதியில் இருந்தார் என்பதற்காக மட்டும் வழக்கு நிற்காது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் ஒரு வழக்கை ரத்து செய்தது. கேரள உயர் நீதிமன்றம் 2025-இல் வேறு மாதிரி பார்த்தது. காசு கொடுத்து வருபவனும் அந்தப் பெண்ணைத் தொழிலில் ஈடுபடத் தூண்டுபவன்தான், 5-ஆம் பிரிவு பொருந்தும் என்றது. மாநிலத்துக்கு ஒரு சட்டம் மாதிரி ஆகிவிட்டது இப்போது.

#14 சின்னமருது

தம்பி, நான் எழுதினது உங்க அம்மா மாதிரி ஆளுங்களை இல்ல.

#15 கோமளா_வடசென்னை

வேற யாரைண்ணே? நான் பன்னிரண்டு வருஷத்துல சொகுசுக்கு வந்த ஒருத்தியைப் பார்த்ததில்ல. ஒருவேளை இருக்கலாம். எனக்குக் கிடைச்சதெல்லாம் புருஷன் ஓடிப்போனவ, வட்டிக்காரன் வாசல்ல நிக்கிறவ, எக்ஸ்போர்ட் கம்பெனியில பதினாறு மணி நேரம் நின்னு கால் வீங்கினவ. கொரோனா லாக்டவுன்ல கஸ்டமர் இல்லாம பட்டினி கிடந்தாங்க. அடையாள அட்டை கேக்காம ரேஷன் கொடுங்கன்னு உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பர்ல சொல்ல வேண்டியிருந்துச்சு. அரிசி வாங்கப் போன ஒருத்தி, "என்ன தொழில்னு எழுதணுமாம், திரும்பி வந்துட்டேங்கா"ன்னா.

#16 சின்னமருது

சரி. என் தெரு எனக்கு. ஆனா அந்த வீட்டைக் காலி பண்ணினப்போ ஒரு பொம்பளை தலையணையும் ஒரு மிக்ஸியும் தூக்கிட்டுப் போனதைப் பார்த்தேன். எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் நினைச்சதில்ல. இப்ப நினைக்க வெச்சுட்டீங்க. அவ்வளவுதான் சொல்லுவேன். வண்டிய ஓரங்கட்டினவனை இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கேன், அது வேற.

#17 ஏட்டையா_ஓய்வு

தம்பி, அந்த டீ வாங்கிக் கொடுத்தவர் மாதிரிதான் நானும் 31 வருஷம் இருந்தேன்.

வாணிம்மா, ஒரு உதவி. இங்க படிக்கிற யாருக்காவது வேண்டியவங்க காப்பகத்துல இருந்தா என்ன செய்யணும், ரெண்டு வரியில சொல்லுங்க. சட்டமெல்லாம் வேண்டாம், எங்க போகணும்னு மட்டும்.

#18 வழக்காடும்வாணி

எந்த மாவட்ட கோர்ட் வளாகத்திலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண் என்றாலே இலவச வக்கீல் பெற உரிமை உண்டு, கடத்தப்பட்டவர் என்றால் அதற்காகவும் தனியாக உண்டு, வருமானச் சான்றிதழ் கேட்கக் கூடாது. "காப்பகத்தில் இருக்கிறார், வயது இவ்வளவு, வெளியே வர விரும்புகிறார்" என்று வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். உறவு என்ன என்ற கட்டத்தில் "தோழி" என்றே எழுதலாம். கடத்தப்பட்டவர் என்றால் இழப்பீட்டுக்கும் அங்கேயே மனு போடலாம், அதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள், கேட்க வேண்டும்.

#19 பொருநைவாசி

நேற்று என் பழைய பத்திரிகையில் இப்போது பக்கம் பார்க்கும் நண்பனைக் கூப்பிட்டேன். "அழகிகள்" வேண்டாமே, "பெண்கள்" என்று போடலாமே என்றேன். சிரித்தான். "சிங்கிள் காலம் மாப்ள, நீ சொல்லிக் கொடுத்ததுதானே" என்றான்.

#20 ஆய்வகம்_சேது

எண்ணிப் பார்த்தேன் சார். அ-ழ-கி-க-ள், ஐந்து எழுத்து. பெ-ண்-க-ள், நாலு.

#21 பொருநைவாசி

ஒன்பது வருஷம்.

#22 ஸ்ப்ரீநதிக்கரை

பெயர்வேண்டாம் தம்பி, அம்மா இப்போது எப்படி இருக்கிறார்? சொல்ல விருப்பம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

#23 பெயர்வேண்டாம்

நல்லா இருக்கார். சர்க்கரை இருக்கு, மாத்திரை போடச் சொன்னா சண்டை பிடிப்பார். இட்லிக்கடைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்திருக்கோம். அந்த அக்காவை நான் அப்போதெல்லாம் அக்கான்னுதான் கூப்பிடுவேன். இப்ப சித்தி. ரிஜிஸ்டர்ல அப்படித்தானே இருக்கு.